லோக்கல் செட்டும் லட்ச ரூபாய் செட்டும்: ஒலி யார் கையில்?

மாணவர் வட்டங்களிலும் கலைக்குழுக்களிலும் எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "தோழர், உண்டியல் குலுக்கி, நண்பர்களிடம் கேட்டுக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். கூட்டத்துக்கும் பாட்டுக்கும் சொந்தமாக ஒரு சவுண்ட் செட் வேண்டும். நல்ல கம்பெனி செட்டாகவே வாங்கிவிடலாமா? இல்லை, ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி நாமே அசெம்பிள் செய்யலாமா?"

இந்தக் கேள்வி வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு தரப்பு சொல்லும்: "தலைமுறை தலைமுறையாக நமக்கு வந்து சேர்ந்ததெல்லாம் மிச்சமும் மட்டமும்தான். இனியாவது முதல்தரமானதை வாங்குவோம்." இன்னொரு தரப்பு சொல்லும்: "பெயருக்கும் விளம்பரத்துக்கும் ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? அதே பணத்தில் இரண்டு செட் செய்யலாம்."

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இது காதுக்கு எது இனிமை, பைக்கு எது மலிவு என்ற கேள்வியாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது. அதற்கு முன் நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த ஒலியை அணைக்கும் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது? பழுதானால் அதைத் திறக்கும் ஸ்க்ரூ டிரைவர் யார் கையில் இருக்கிறது?

மேடை மறுக்கப்படும்போது

ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் இடங்களில் சவுண்ட் சர்வீஸ் கடை பெரும்பாலும் ஊருக்குள்தான் இருக்கும். கோயில் திருவிழாவும் கல்யாணமும்தான் அதன் வருமானம். அந்த வாடிக்கையாளர்களைப் பகைத்துக்கொண்டு ஏப்ரல் 14 அன்று நம் தெருவுக்கு செட் அனுப்ப எத்தனை பேர் துணிவார்கள்? எங்கள் பகுதியிலும் நடந்திருக்கிறது. பத்து நாள் முன்பே கொடுத்த முன்பணம் முதல் நாள் மாலையில் திரும்பி வந்தது. "செட் வேற எடத்துக்குப் போயிருச்சுங்க" என்றார்கள். மறுநாள் எங்கள் தோழர்கள் தொண்டை கட்டப் பேசினார்கள். அன்றைக்கு யாரும் பேஸ் நன்றாக வருகிறதா, ட்ரெபிள் நன்றாக வருகிறதா என்று விவாதிக்கவில்லை.

இந்த அனுபவம் நமக்குப் புதிதல்ல. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அண்ணல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு மாநாட்டையே ரத்து செய்தது. அண்ணல் என்ன செய்தார்? உரையைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். முதலில் அச்சான 1,500 ஆங்கிலப் பிரதிகளும் இரண்டே மாதங்களில் தீர்ந்தன. அதுதான் 'சாதி ஒழிப்பு'. மேடை அவர்கள் கையில் இருந்தது; அச்சிடும் வழி அவர் கையில் இருந்தது.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியதும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும், 1920இல் அண்ணல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். பேசுவதற்கு விஷயம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கொண்டுசேர்க்கும் கருவியும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அன்றைக்கு அச்சு எந்திரம். இன்றைக்கு அதோடு ஆம்ப்ளிஃபயரும்.

கிங்ஸ்டனில் நடந்தது

இந்தக் கேள்விக்கு ஒரு மக்கள்கூட்டம் முன்பே விடை கண்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளக் கரீபியன் கடலில் இருக்கும் ஜமைக்காவுக்குப் போக வேண்டும்.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் வாழும் தீவு அது. 1962 வரை ஆங்கிலேயரின் ஆட்சி. 1940களின் இறுதியில், தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கு, பேண்டு வாத்தியம் வைத்து நடக்கும் நடன அரங்குகளுக்குப் போக வசதி இல்லை. அப்போது தெருவோரத்திலும் காலி மனைகளிலும் பிறந்ததுதான் 'சவுண்ட் சிஸ்டம்'. ஒரு இசைத்தட்டு ஓட்டும் கருவி, ஒரு ஆம்ப்ளிஃபயர், பீரோ அளவுக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். அவ்வளவுதான்.

ஆம்ப்ளிஃபயர் எங்கிருந்து வந்தது? ஹெட்லி ஜோன்ஸ் என்று ஒருவர். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ரேடார் தொழில்நுட்பம் கற்றவர். ஊர் திரும்பிக் கடை வைத்தார். தன் கையாலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டினார். அதைக் கேட்ட டாம் வோங் என்பவர் தனக்கும் ஒன்று செய்து கேட்டார். அவர் நடத்திய 'டாம் தி கிரேட் செபாஸ்டியன்' கிங்ஸ்டனின் முதல் பெரிய சவுண்ட் சிஸ்டங்களில் ஒன்றாயிற்று. ஏகாதிபத்தியத்தின் போர் எந்திரத்துக்காகக் கற்றுக்கொண்ட அறிவை அந்த மனிதர் சொந்த மக்களின் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அடுத்த தலைமுறையில் கிங் டப்பி வந்தார். இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடாக். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பதுதான் தொழில். டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுவார், ஆம்ப்ளிஃபயர் கட்டுவார். 1970களின் தொடக்கத்தில், ஒரு பெரிய ஸ்டுடியோ கழித்துவிட்ட நான்கு தட மிக்ஸரை வாங்கித் தன் வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். அந்த மிக்ஸரைத் தன் தேவைக்கேற்ப மாற்றினார். பாடல்களிலிருந்து குரலை எடுப்பது, பேஸையும் டிரம்ஸையும் முன்னால் நிறுத்துவது, எதிரொலியை ஏற்றுவது என்று அவர் செய்த வேலைதான் 'டப்' என்ற இசை வடிவத்தை வளர்த்தது. இன்று உலகெங்கும் ரீமிக்ஸ் என்று சொல்லப்படுவதன் வேர்களில் ஒன்று பழுதுபார்க்கும் மேசையில் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. டப்பி கம்பெனிப் பொருளைத் தொடவே மாட்டேன் என்று சபதம் எடுக்கவில்லை. வாங்கினார், வாங்கியதைத் திறந்து பார்த்தார், மாற்றினார். திறந்து பார்க்கத் தெரிந்ததால்தான் வாங்கிய பொருளும் அவருடையதாயிற்று.

1950களில் அதே மக்கள் பிழைப்புக்காக இங்கிலாந்து போனார்கள். பல கேளிக்கை விடுதிகள் கருப்பர்களை உள்ளே விடவில்லை. பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே அங்கே 1965இல்தான் வந்தது. அவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. நிலவறைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் தாங்களே கட்டிய பெட்டிகளை அடுக்கி, தங்கள் இசையைத் தாங்களே ஒலித்தார்கள்.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் 1972இல் மகாராஷ்டிர இளைஞர்கள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தங்கள் இயக்கத்துக்கு தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதைப்போல, கிங்ஸ்டனிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது: வாசலில் தடுக்கப்படுபவர்களுக்குக் கருவி செய்யத் தெரிவது பொழுதுபோக்கு அல்ல, வாழும் வழி.

'கைவினை' என்றும் 'லோக்கல்' என்றும்

இப்போது அந்தப் பக்கத்தைப் பார்ப்போம். லட்சக்கணக்கில் விலைபோகும் 'ஹை-எண்ட்' ஆடியோ சந்தை எதை விற்கிறது?

நல்ல பொறியியலை விற்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு மேல் அது விற்பது 'தூய்மை'யை. தூய ஒலி, கலப்படமற்ற ஒலி, பயிற்சி பெற்ற செவிக்கு மட்டுமே புலப்படும் ஒலி. இந்தச் சொற்களை நமக்கு வேறு இடத்தில் கேட்ட ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால், கம்பியைச் சந்தேகிக்க மாட்டார்கள். உன் காதுக்குத் தகுதியில்லை என்பார்கள்.

அந்தத் தகுதி ஒருமுறை நன்றாகவே சோதிக்கப்பட்டது. 1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்குச் சவால் விட்டார். நீங்கள் விரும்பும் விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் கொடுங்கள், என் மலிவான ஆம்ப்ளிஃபயரை அதைப்போலவே ஒலிக்கச் செய்கிறேன் என்றார். அவர்கள் பல மடங்கு விலையுள்ள ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தார்கள். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து அளந்து அளந்து தன் சர்க்யூட்டை மாற்றினார் கார்வர். கடைசியில் அந்தப் பத்திரிகையின் தேர்ந்த செவிகளாலேயே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விலையில் ஒரு பகுதி ஒலிக்கு, மீதி பெயருக்கு என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

இன்னொன்று. விலையுயர்ந்த கருவிகளின் விளம்பரத்தில் 'கையால் செய்யப்பட்டது', 'கையால் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர்' என்று பெருமையாக எழுதுவார்கள். ஜப்பானிலோ இங்கிலாந்திலோ ஒரு பெரியவர் சுற்றினால் அது கைவினை. நம் ஊர்ச் சந்தில், ஒற்றை அறைக் கடையில் ஒரு அண்ணன் அதே காயிலைச் சுற்றினால் அது 'லோக்கல்'. வேலை ஒன்றுதான், கை மட்டும் வேறு. 'லோக்கல்' என்ற அந்தச் சொல் நம் நாட்டில் தரத்தை மட்டும் குறிப்பதில்லை. பேச்சை, பாட்டை, தெருவை, ஆளைக் குறிக்கிறது.

இசைக்கும் உழைப்புக்கும் இடையே இந்த நாடு போட்டு வைத்திருக்கும் சுவரை டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் விரிவாகப் பேசுகிறது. மிருதங்கம் செய்பவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரவழைப்பவர் அவர். ஆனால் சபா மேடையில் விருதும் சால்வையும் வாசிப்பவருக்கு. செய்தவர் பெயர் அழைப்பிதழில் வராது. பறைக்கு நேர்ந்ததும் இதுவே. நாம் அடித்தால் இரைச்சல், சாவுக்கான சத்தம். அவர்கள் கேட்டால் மட்டும் இசை.

ஆகவே தன் கையால் ஒலிக்கருவி செய்யும் ஒரு தலித் மாணவர் வெறும் பணத்தை மிச்சப்படுத்தவில்லை. கை வேறு, மூளை வேறு என்று சாதி பிரித்து வைத்ததை ஒன்றுசேர்க்கிறார்.

ஆனால் மயக்கம் வேண்டாம்

இவ்வளவும் சொன்னதால் 'எல்லாவற்றையும் நாமே செய்வோம்' என்று நாங்கள் கொடி பிடிக்கவில்லை. ஏழைக்கு மலிவானது போதும், இவர்களுக்கு அசெம்பிள் செட் போதும் என்று யாராவது சொன்னால் அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாம்தான். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் முழுமையான மேடை ஒலியமைப்போடு ஒலித்தன. அந்தத் தரம் நம் உரிமை. அதை வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ துரோகம் அல்ல.

எதைச் செய்வது, எதை வாங்குவது என்பதை உணர்ச்சியால் அல்ல, கணக்கால் முடிவு செய்வோம்.

மைக்கை வாங்குங்கள். அதன் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை வீட்டு மேசையில் செய்ய முடியாது. ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 மைக் 1966இல் வந்தது. இன்றும் அதே பெயரில் மேடைகளில் இருக்கிறது. அந்த வகையிலான நல்ல டைனமிக் மைக் ஒன்று, கவனமாக வைத்திருந்தால், பல வருடம் உழைக்கும். போலிகள் நிறைய உண்டு. பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் டிரைவரையும் வாங்குங்கள். ஆனால் வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்று கேளுங்கள். மின்திறனை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆக, 97 டெசிபல் தரும் டிரைவருக்கு 50 வாட்ஸ் கொடுத்தால் கிடைக்கும் சத்தம், 91 டெசிபல் தரும் டிரைவரில் வேண்டுமானால் 200 வாட்ஸ் கேட்கும். 'பிஎம்பிஓ 5000 வாட்ஸ்' என்று அட்டையில் அச்சடித்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆர்எம்எஸ் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

பெட்டியைச் செய்யுங்கள். நல்ல பிளைவுட், சரியான அளவு, காற்றுக் கசியாத மூட்டு போதும். தெருவில் ஒரு தச்சர் அண்ணன் இருந்தால் அவரே ஆசிரியர். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். எனவே முன்னால் ஒரு ராட்சதப் பெட்டியை வைத்து முதல் வரிசையின் காதைக் கிழிப்பதைவிட, கூட்டத்தின் நடுவில் இன்னும் இரண்டு சிறிய பெட்டிகள் வைப்பது மேல்.

ஆம்ப்ளிஃபயரைச் செய்யலாம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. 1947இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வில்லியம்சன் என்ற பொறியாளர் தன் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை அப்படியே வெளியிட்டார். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்துக் கட்டினார்கள். இன்றைக்கு நெல்சன் பாஸ் என்ற அமெரிக்கர், விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர்களை விற்றுக்கொண்டே, தன் வடிவமைப்புகள் பலவற்றை யாரும் செய்துபார்க்க இலவசமாக வெளியிடுகிறார். ரகசியம் என்று ஒன்றும் இல்லை. நம் ஊர் மெக்கானிக்குகள் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடிகளை வைத்துக் கட்டும் போர்டுகள் ஒரு தெருக்கூட்டத்துக்குத் தாராளமாகப் போதும். அசல் டிரான்சிஸ்டர்தானா, டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பது செம்பா, செம்பு நிறம் பூசிய அலுமினியமா என்று பார்த்து வாங்குவதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. இது 230 வோல்ட்டோடு விளையாடும் வேலை. சுவிட்சை அணைத்த பிறகும் பவர் சப்ளையின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். புதிதாகக் கட்டியதை முதன்முறை இயக்கும்போது ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து இயக்குங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. 'ஹம்' சத்தம் போகவில்லை என்று சிலர் எர்த் கம்பியை வெட்டிவிடுவார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். உலோக மைக்கைப் பிடித்து, வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று பேசப்போவது நம் தோழர். வாடகை இடமானாலும் 30 மில்லி ஆம்ப் கசிவுத் தடுப்பு பிரேக்கர் வழியாகவே மின்சாரம் எடுங்கள். கழிவுநீர்க் குழியிலும் மின்கம்பத்திலும் நம் மக்கள் இறந்தது போதும்.

அறிவு பரம்பரைச் சொத்து ஆகக் கூடாது

இதைச் செய்யும்போது ஒரு ஆபத்து நம் உள்ளேயே இருக்கிறது. குழுவில் ஒரு தம்பிக்கு வேலை தெரிந்துவிட்டால், அதன்பிறகு பேசுபவர்கள் மேடையில், அவர் எப்போதும் மேடைக்குப் பின்னால் வயரோடு. புகைப்படத்திலும் இருக்க மாட்டார். பேசுவதற்கு ஒரு கூட்டம், பெட்டி தூக்க ஒரு கூட்டம் என்று நம் இயக்கத்துக்குள்ளும் பிரிவினை வந்தால், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அண்ணல் எச்சரித்ததைப் படித்து என்ன பயன்?

அதனால் எங்கள் யோசனை இவை. செட் தனி ஆளின் பெயரில் அல்ல, குழுவின் பெயரில் இருக்கட்டும். சர்க்யூட் வரைபடம், வாங்கிய பாகங்கள், விலை, எப்போது எது பழுதானது, எப்படிச் சரிசெய்தோம் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் மிக்ஸரில் உட்காருபவர் மாறட்டும். பெண் தோழர்கள் 'அறிவிப்பாளர்' என்ற ஒற்றை வேலையோடு நிறுத்தப்படாமல் சால்டரிங் அயர்னைப் பிடிக்கட்டும். மேடையில் பேசுகிறவர் செட்டைக் கட்டவும் கழற்றவும் நிற்கட்டும். செட் கட்டியவர் மேடையேறிப் பேசட்டும். பக்கத்துச் சேரிக்கும், தூய்மைப் பணியாளர் சங்கத்துக்கும் டீசல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு செட்டைக் கொடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. கோயில் திருவிழாவுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் விதி நம் கூட்டத்துக்கு மட்டும் கண்ணைத் திறக்கும். ஆகவே அனுமதிக் கடிதத்தின் நகல் எப்போதும் மைக் பெட்டிக்குள் இருக்கட்டும். அதோடு, அளவுக்கு மீறிய சத்தம் நம் குழந்தைகளின், முதியவர்களின் காதைத்தான் முதலில் கெடுக்கும். நம் பலம் சத்தத்தின் அளவில் இல்லை, சொல்லின் தெளிவில் இருக்கிறது. கடைசி வரிசையில் நிற்கும் பாட்டிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறதா என்பதே நாம் வைக்க வேண்டிய தரப் பரிசோதனை.

இப்படிப் பார்த்தால் 'வாங்குவதா, செய்வதா' என்ற சண்டைக்கே இடமில்லை. வாங்கினால் திறக்கத் தெரிந்து வாங்குவோம். செய்தால் நம் மக்களுக்கு முதல்தரம் என்ற உறுதியோடு செய்வோம். 'லோக்கல்' என்று எவராவது இளித்தால், ஆமாம், இங்கேயே செய்தது, இங்கேயே சரிசெய்யக்கூடியது, உங்கள் தயவு இல்லாமல் ஒலிக்கக்கூடியது என்று சொல்வோம்.

அடுத்த ஏப்ரல் 14க்கு இன்னும் நாள் இருக்கிறது. முன்பணத்தைக் கொண்டுபோய் யாரிடமோ கொடுத்துவிட்டு, அது திரும்பி வருமா என்று காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே ஒரு சால்டரிங் அயர்ன் வாங்குங்கள்.

ஜெய் பீம்!